காற்று இறங்கிய மழைக்காலம்

வால்வின் வாயில் வைத்த எச்சில் குமிழாக உப்புகிறதா என்று அண்ணி குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவரை நினைத்ததும் முதலில் எனக்கு வருவது. சைக்கிளை நிறுத்திச் சக்கரத்தை வால்வு மேலே வரும்படி உருட்டி, மூடியைத் திருகி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்வார். ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு வால்வின் வாயில் ஈரம் வைப்பார். அப்புறம் பேச்சே இருக்காது. எச்சில் அசையாமல் நின்றால் மூடியைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார். மெல்ல ஒரு குமிழ் கிளம்பினால் “போயிடுச்சு” என்பார். பஞ்சர் இல்லை, உள்ளே இருக்கும் வால்டியூப் போயிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய சைக்கிள் டியூபின் வால்வுக்குள் சின்னதாக ஓர் உலோக ஊசி இருக்கும். அதன் பக்கவாட்டில் பொடி ஓட்டை. அந்த ஓட்டையை மூடுகிற மாதிரி மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை ஊசியின்மேல் மாட்டியிருப்பார்கள். பம்பு அடித்தால் காற்று ரப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். திரும்பி வரப் பார்த்தால் ரப்பர் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். அவ்வளவுதான் விஷயம். அந்த ரப்பருக்குத்தான் வால்டியூப் என்று பேர். அது இறுகிப்போனாலோ விரிந்தாலோ காற்று நிற்காது. அண்ணி சாப்பாட்டுப் பையில் ஒரு முழ வால்டியூபைச் சுருட்டி வைத்திருப்பார். யாரும் கேட்க வேண்டாம். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் வரிசையாக நிற்கிற சைக்கிள்களுக்கு நடுவே போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வருவார். ‘டாக்டரம்மா ரவுண்ட்ஸ் கெளம்பிட்டாங்க’ என்று பெண்கள் கிண்டல் செய்வார்கள். அண்ணியும் சிரித்துக்கொள்வார். அந்தப் பழக்கம்தான் பிறகு அவர் தலையில் விடிந்தது.

இது இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் கழித்து நடந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற ஒரு சின்ன யூனிட்டில் நானும் அண்ணியும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். அண்ணன் திருப்பூரில் இருந்தார், மாசம் ஒருமுறை வருவார். எங்கள் வீடு கருவேப்பிலங்குறிச்சி போகிற வழியில் இருந்தது. காலையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினால், பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுவோம். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையின் விளிம்பைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வைப்பது எங்கள் வேலை. பிள்ளையாரும் வாத்தும் வெள்ளைக்காரப் பொம்மையும் எல்லாம் ஒரே பலகையில் உட்கார்ந்திருக்கும். எங்களுக்கு அடுத்த கட்டத்தில் ஓர் அக்கா பொம்மைகளைப் பளபளப்பு ஏற்றுகிற கிளேஸ் கரைசல் தொட்டியில் முக்கி எடுப்பார். அவரைக் கிளேஸ் அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவருக்கு நல்லூர்ப் பக்கம் பிறந்த வீடு. கை எப்போதும் முழங்கை வரை வெளுத்திருக்கும்.

அந்த வருஷம் ஐப்பசியில் சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையின் கூரை பெயர்ந்து விழுந்துவிட்டது. மழையில் சீட்டெல்லாம் ஊறி, ஏறி உட்கார்ந்தால் புடவை நனைந்து நாறிப்போனது. அப்போது நான்தான் ஒரு யோசனை சொன்னேன். சூளையின் பின்பக்கச் சுவர் வெதுவெதுப்பாக இருக்கும், மேலே தகரமும் நீட்டிக்கொண்டிருக்கிறது, சைக்கிள்களை அங்கே சாத்திவிட்டால் ஈரமும் காய்ந்துவிடும் என்றேன். நானே என் சைக்கிளைக் கொண்டுபோய் முதலில் சாத்தினேன். சாயங்காலம் சீட்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு ஒரே சந்தோஷம். இட்டலிச் சட்டியிலிருந்து எடுத்த துணி மாதிரி சூடாக இருந்தது. மறுநாளிலிருந்து எல்லாரும் அங்கேயே விட்டார்கள். அண்ணி மட்டும் விடவில்லை. எங்கள் சைக்கிள்களுக்கெல்லாம் ஸ்டாண்டு ஒடிந்துபோய்விட்டதால் சுவர் தேவைப்பட்டது. அவருடையதற்கு நல்ல ஸ்டாண்டு இருந்தது. சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி, வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு வந்துவிடுவார்.

பத்து இருபது நாள் போயிருக்கும். சாயங்காலம் எடுக்கப் போனால் சைக்கிள்களில் காற்று இருக்காது. இன்றைக்கு ஒருத்திக்கு, நாளைக்கு இரண்டு பேருக்கு என்று ஆரம்பித்து, ஒரு கட்டத்தில் யாருக்குக் காற்று இருக்கிறது என்று எண்ண வேண்டியதாகிவிட்டது. வேலையிடத்து பம்பில் அடித்துக்கொண்டு கிளம்பினால் எப்படியோ வீடு வரைக்கும் வந்துவிடும். ஒருத்தி சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் டியூபைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்துவிட்டு, பஞ்சரே இல்லை, யாரோ காற்றை இறக்கிவிட்டிருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினார். டியூபைத் திரும்ப மாட்டும்போது பழக்க தோஷத்தில் வால்டியூபையும் புதிதாகப் போட்டிருப்பார். அதை அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. யாரோ இறக்கிவிடுகிறார்கள் என்ற வார்த்தை மட்டும் யூனிட் முழுக்கப் பரவியது. அண்ணியின் சைக்கிளில் மட்டும் காற்று இறங்குவதே இல்லை என்பதையும் யாரோ கவனித்துவிட்டார்கள்.

கிளேஸ் அக்காவின் அப்பா இறந்த செய்தி ஒரு மத்தியானம் முதலாளியின் செல்போனுக்கு வந்தது. மழை மூட்டமாக இருப்பதால் சீக்கிரம் எடுத்துவிடுவோம், உடனே கிளம்பி வரச் சொல்லுங்கள் என்று சொன்னார்களாம். அக்கா கையைக்கூடக் கழுவாமல் ஓடினார். இரண்டு சக்கரமும் தரையோடு ஒட்டிக்கிடந்தன. அண்ணி அங்கே இருந்திருந்தால் தன் சைக்கிளைக் கொடுத்திருப்பார். காற்று இருக்கிற சைக்கிள் அது ஒன்றுதான் என்பதால் சற்று முன்னால்தான் முதலாளி அவரை ஏதோ சாமான் வாங்கக் கடைத்தெருவுக்கு அனுப்பியிருந்தார். நாங்கள் மாற்றி மாற்றிப் பம்பு அடித்துக் கொடுத்தோம். பாதி வழியில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மறுபடியும் காற்று இறங்கிவிட்டது. தள்ளிக்கொண்டே ஓடியிருக்கிறார். பஸ்ஸ்டாண்டுக்குள் நுழையும்போது நல்லூர் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய் இறங்கினால் சுடுகாட்டிலிருந்து ஆட்கள் குளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாரும் வாய்க்கரிசி போட்டாயிற்று, பெத்த மூத்த மகள் போடவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடித்து வந்த அக்கா வேலையில் உட்காரவில்லை. எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, செய்தவர் யார் என்று இப்போதே சொல்லிவிடுங்கள் என்றார். அவர் குரல் உயரவே இல்லை. எல்லார் கண்ணும் அண்ணி பக்கம் திரும்பியது. மத்தியானத்தில் சைக்கிள்களைத் தொட்டுக்கொண்டு திரிகிற ஆள் அவர். தன் சைக்கிளைத் தனியாக நிறுத்துகிறவர். அன்றைக்குக் காற்று இல்லாமல் பண்ணிவிட்டுத் தான் மட்டும் ஏறிப் போனவர். பெண்களில் ஒருத்தி இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டாள். அண்ணி கத்தியைப் பலகைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

“தொட்டது நெசம். எறக்கல.”

உட்கார்ந்து மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டார். அவருக்காக நான் எழுந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு எனக்கும் ஒன்றும் தெரியாது என்று இப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அதுவரைக்கும் உண்மைதான்.

எங்கள் ஊருக்கு வெளியே ஒரு முருகன் கோயில் உண்டு. அங்கே பிராது கட்டுவது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். கோர்ட்டில் மனு கொடுப்பதுபோலக் குறையை வெள்ளைத்தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்துப் பூசை செய்து வாங்கி, முனியப்பர் சன்னதியில் இருக்கிற வேலில் கட்டிவிட்டு வரவேண்டும். திருட்டுப் போன மாட்டுக்கும் கட்டுவார்கள், ஓடிப்போன புருஷனுக்கும் கட்டுவார்கள். தொண்ணூறு நாளுக்குள் சாமி தீர்ப்புச் சொல்லிவிடும். தீர்ந்துபோனால் கட்டியவரே வந்து பிராதை வாபஸ் வாங்கவேண்டும். கிளேஸ் அக்கா அந்த வாரமே போய்க் கட்டிவிட்டு வந்தார். யார் பேரை எழுதினார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரியவேண்டும் என்றும் இல்லை. மறுநாளிலிருந்து அண்ணி மொண்ட குடத்தில் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் சைக்கிளுக்குப் பம்பு அடித்து அடித்து வெறுத்துப்போய், அண்ணி செய்வதைப் பார்த்த பழக்கத்தில் வால்வைக் கழற்றினேன். ஊசி சுலபமாக வரவில்லை. இழுத்து எடுத்தபோது ரப்பர் ரப்பராகவே இல்லை. பிசின் மாதிரி ஊசியோடு ஒட்டிக்கொண்டு, தொட்டால் விரலில் கருப்பாக வந்தது. முகர்ந்து பார்த்தேன், சூளை எண்ணெய்ப் புகை வாடை அடித்தது. பக்கத்திலேயே அண்ணியின் சைக்கிள் நின்றது. அதன் வால்வையும் கழற்றினேன். உள்ளே ரப்பர் மெத்தென்று நல்லபடியாக இருந்தது. திரும்ப மாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் காற்றை இறக்கவில்லை. நான் காட்டிய சுவர்தான் எல்லார் வால்டியூபையும் வேகவைத்திருந்தது.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை சொல்லியிருக்கலாம். அதற்கடுத்த எத்தனையோ திங்கட்கிழமைகளில் சொல்லியிருக்கலாம். என்னை அப்போது பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள், தையில் நிச்சயம் என்று பேச்சு. அப்பன் முகத்தைப் பார்க்கவிடாமல் பண்ணியவள் என்ற பேர் என்மேல் விழுந்தால் அந்த வரன் நிற்காது. அதைவிடப் பெரிய பயம் பிராது. தாளில் யார் பேர் இருந்தாலும் சாமிக்கு ஆள் தெரியும் அல்லவா? குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். தலைவலித்தால் இதுதானோ என்று தோன்றும். பிறகு ஒரு கட்டத்தில் பயமும் போய்விட்டது. கை தன்பாட்டுக்குப் பிள்ளையாரின் தும்பிக்கையைச் சீவும், வாத்தின் மூக்கைச் சீவும். பக்கத்தில் அண்ணி உட்கார்ந்து அதே வேலையைச் செய்துகொண்டிருப்பார்.  வீட்டுக்கு வரும் வழியில் அவர் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வருவேன்.

நான் ஒன்றே ஒன்று செய்தேன். முதலாளியிடம் போய், கொட்டகைக்குக் கூரை போட்டுக் கொடுங்கள் சார், மழையில் கஷ்டமாக இருக்கிறது என்று கெஞ்சினேன். சைக்கிள்கள் சூளையை விட்டு நகர்ந்துவிட்டால் எல்லாம் தன்னால் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். அவரும் தை பிறப்பதற்குள் போட்டுத்தருகிறேன் என்றார்.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் அண்ணி வேலைக்குக் கிளம்பாமல், நல்ல புடவை கட்டிக்கொண்டு, கிளேஸ் அக்காவோடு கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வெயில் ஏறிய பிறகு திரும்பி வந்து, சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, “முடிஞ்சிது, இனிமே வேலைக்கிப் போகல” என்றார். மறுநாள் யூனிட்டில் எல்லாருக்கும் சேதி தெரிந்திருந்தது. அண்ணி சன்னதியில் நின்று மன்னிப்புக் கேட்டாராம், அக்கா பிராதை வாபஸ் வாங்கிவிட்டாராம். அதே வாரம் கொட்டகைக்குக் கூரையும் வந்தது. சைக்கிள்களெல்லாம் கொட்டகைக்குப் போயின. பழைய ரப்பரை ஆளாளுக்குக் கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள், காற்று இறங்குவதும் நின்றுபோனது. ‘அவ போனா, காத்து நின்னுச்சு, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?’ என்று பேசிக்கொண்டார்கள். நான் கெஞ்சி வாங்கிய கூரைதான் அந்தச் சாட்சி. அப்போதும் நான் பொம்மையைச் சீவிக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணிக்குக் ‘காத்துப்புடுங்கி’ என்று பேர் வந்துவிட்டது. ரேஷன் கடை வரிசையிலும் சொன்னார்கள். அண்ணன் திருப்பூரிலிருந்து வந்து, ஏன்டி இப்படிச் செய்த என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அண்ணி தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். என் கல்யாணத்துக்கு எல்லா வேலையும் அவர்தான் இழுத்துப்போட்டுச் செய்தார். என் தலைக்குப் பூ வைத்ததும் அவர்தான். அடுத்த வருஷமே அண்ணனும் அவரும் அவர் பிறந்த ஊரான திட்டக்குடிக்குக் குடிபோய்விட்டார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை பார்த்துக்கொள்வோம். சாப்பிட்டியா, பிள்ளைங்க எப்படி இருக்குது, மழை உண்டா. பதினெட்டு வருஷம் அப்படியே போனது. குற்ற உணர்ச்சி என்று எழுதினால் பெரிய வார்த்தையாக இருக்கிறது. மரத்துப்போன காலைத் தரையில் ஊன்றி நடப்பது மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

போன வருஷம் விருத்தாசலம் பஸ்ஸ்டாண்டில் கிளேஸ் அக்காவைப் பார்த்தேன். முடி நரைத்து, ஆள் இளைத்திருந்தார். அடையாளம் தெரிந்து கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் வர நேரம் இருந்தது. இரண்டு பேரும் டீ வாங்கிக் குடித்தோம். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. காற்றை யாரும் இறக்கவில்லை, சூளைச் சூட்டில் வால்டியூப் வெந்துபோனதுதான் என்று சொல்லிவிட்டேன். அக்கா கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை.

“ஒங்க அண்ணி அன்னிக்கே சொல்லிட்டா.”

கோயிலுக்குப் போகிற வழியிலேயே அண்ணி கிளேஸ் அக்காவின் சைக்கிளை நிறுத்தி வால்வைக் கழற்றி, வெந்த ரப்பரைக் கையில் வைத்துக் காட்டியிருக்கிறார். முதல் சைக்கிள் இறங்கிய வாரமே அண்ணிக்குச் சுவர்மேல் சந்தேகம் வந்துவிட்டதாம், சுவரைக் காட்டியது நான் என்பதால் வெளியில் சொல்லவில்லையாம். கிளேஸ் அக்கா நம்பியும் இருக்கிறார். ஆனாலும் அப்பனுக்கு வாய்க்கரிசி போடாத கை ஆறவில்லை, பிராதை எடுக்க மனசு வரவில்லை. அப்போது அண்ணி சொன்னதை அக்கா அப்படியே சொன்னார்.

“யாரும் எறக்கலக்கா. ஆனா ஒங்களுக்கு ஒரு ஆளு வேணும். என்னயே வெச்சுக்கங்க. வூட்டுல பொண்ணு கேட்டு வந்திருக்காங்க, அந்தப் புள்ளைய இதுல இழுக்காதீங்க.”

அக்கா தம்ளரை எடுத்து டீக்கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அப்போது ஒரு ஆள் வேண்டித்தான் இருந்தது, அவளே வந்து நின்றாள், வைத்துக்கொண்டேன் என்றார். தப்புதான் என்றும் சொன்னார். நல்லூர் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார். என் பஸ்ஸும் வந்தது. நான் ஏறவில்லை. பக்கத்தில் நின்ற திட்டக்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

அண்ணி வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கியே, யாருக்கு என்ன என்று பயந்துபோய்க் கேட்டார். யாருக்கும் ஒன்றும் இல்லை என்றேன். எதிரில் உட்கார்ந்து, சைக்கிளைச் சுவரோரம் விடச் சொன்னது நான், வால்டியூப் வெந்ததைக் கழற்றிப் பார்த்ததும் நான், தெரிந்தேதான் சும்மா இருந்தேன் என்று முழுதாகச் சொன்னேன். பதினெட்டு வருஷமாகத் தூக்கிச் சுமந்ததைச் சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அண்ணி முறத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

“தெரியும் பாப்பா. நீ ரெண்டு சைக்கிள் வால்வையும் கழட்டிப் பாத்துட்டு ஒக்காந்திருந்தத உள்ளேருந்து பாத்தேன். அன்னிக்குக் கோயிலுக்குக் கெளம்பறப்ப செருப்பப் போட்டுக்கிட்டு வாசல்ல கொஞ்ச நேரம் நின்னுக்கிட்டு இருந்தேன். நீ வந்து சொல்லிடுவேன்னு.”

உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வா, சோறு போடுகிறேன் என்று எழுந்தார். நான் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் நின்றதைப் பார்த்தேன். எதற்காக நிற்கிறார் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.